அளந்து செய்த இசையில் மனசு இல்லையா?



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், தாய்ப்பாசம், வேலையில்லாத் திண்டாட்டம் என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் எழுத வந்தது ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றி. "இங்கிலீஷ் பாட்டா? ஆளை விடுப்பா" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். இந்த ஆல்பத்தைச் செய்தவர் நம்ம ஆள்! நம்ம ஊர்க்காரர் என்று சொல்லவில்லை, நம்ம தொழில்காரர். அசல் மெக்கானிக்கல் என்ஜினீயர்.

ஆல்பத்தின் பெயர் 'பாஸ்டன்'. குழுவின் பெயரும் பாஸ்டன்தான். அவர்கள் புறப்பட்டு வந்த அமெரிக்க நகரத்தின் பெயரும் அதேதான். 1976 ஆகஸ்டில் எபிக் நிறுவனம் வெளியிட்ட, அந்தக் குழுவின் முதல் ஆல்பம். எட்டே எட்டுப் பாட்டு. மொத்தம் 38 நிமிஷம்கூட ஓடாது. நம்ம ஒரு பீரியடை விடக் குறைவு! அந்த எட்டுப் பாட்டு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. 2003-இல் கொடுத்த சான்றிதழ்ப்படி அமெரிக்காவில் மட்டும் கணக்கு 1 கோடியே 70 லட்சம். முதல் ஆல்பம் போட்ட எவருக்கும் கனவில்கூட வராத எண்ணிக்கை.

இந்த வகை இசைக்கு 'மெலடிக் ஹார்டு ராக்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கிட்டார் சத்தம் கனமாக இருக்கும். ஆனால் மெட்டு, குளிக்கும்போது நம் வாயில் தானாக வந்து உட்காரும். அவ்வளவுதான்.

குற்றச்சாட்டு

இந்த ஆல்பத்தின் மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. "ரொம்ப வழவழப்பு. எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. இது மனசிலிருந்து வந்த இசை இல்லை, தொழிற்சாலையில் செய்த சரக்கு" என்பது அதன் சாரம். இந்த மாதிரிக் குழுக்களுக்குக் 'கம்பெனி ராக்' என்று ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதே 1976-இல் ராமோன்ஸ் என்ற குழுவும் முதல் ஆல்பம் போட்டது. மூன்று நான்கு கார்டு, இரண்டு நிமிஷம், தடாலடி வேகம். பங்க் என்று அதற்குப் பெயர். "அதுதான் நிஜம், இது பாலிஷ்" என்று விமர்சகர்கள் பிரித்து வைத்தார்கள்.

என் கருத்து இதற்கு நேர் எதிர். இந்த ஆல்பத்தின் கவர்ச்சி அந்த அளவெடுப்பிலேயேதான் இருக்கிறது. அளந்து செய்கிற கைக்கு மனசு இருக்காது என்று சொல்கிறவர்களுக்கு, அரம் பிடித்து ராவிப் பழக்கம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிலவறையில் ஒரு ஷிப்ட்

டாம் ஷோல்ஸ். 1947-இல் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ என்ற ஊரில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இளநிலை, முதுநிலை இரண்டும் முடித்து, உடனுக்குடன் படம் தரும் கேமராவுக்குப் பேர்போன போலராய்டு நிறுவனத்தில் டிசைன் என்ஜினீயராகச் சேர்ந்தார். சின்ன வயதில் கற்றது பியானோ. பகலில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பினால் இரண்டாவது ஷிப்ட்! பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில், குடியிருந்த வீட்டுக்கு அடியில் ஒரு சின்ன நிலவறை. பக்கத்திலேயே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். அங்கேதான் சம்பளப் பணத்தைக் கொட்டி, ஒரு ஸ்டூடியோவைத் தன் கையால் கட்டினார். பன்னிரண்டு ட்ராக் உள்ள ஸ்கல்லி டேப் மெஷின்தான் அதன் இதயம்.

பாடியவர் பிராட் டெல்ப். ஹீட்டிங் எலிமென்ட் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். (எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் இங்கே கைதட்டலாம்!) இவர்கள் செய்து அனுப்பிய டெமோ டேப்புகளைப் பல கம்பெனிகள் திருப்பி அனுப்பின. வருஷக்கணக்கில் இதே கதை.

கடைசியில் எபிக் ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாவற்றையும் லாஸ் ஏஞ்சலஸில் முறையான ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஷோல்ஸுக்கோ தன் நிலவறையை விட்டு வர மனமில்லை. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவின் மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் போய் அங்கே பதிவு செய்துகொண்டிருப்பார்கள். ஷோல்ஸ் தன் நிலவறையிலேயே மிச்ச வேலையை முடிப்பார். பிறகு ஒரு ரெக்கார்டிங் வண்டி வாட்டர்டவுன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நிலவறை ஜன்னல் வழியே கேபிளை உள்ளே விட்டு, பன்னிரண்டு ட்ராக்கை இருபத்துநாலு ட்ராக் டேப்புக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனி தன் ஸ்டூடியோவில் தயாரானதாக நினைத்த ஆல்பத்தின் பெரும்பகுதி, ஒரு ஃபர்னஸுக்குப் பக்கத்தில் பிறந்தது! 'கம்பெனி சரக்கு' என்று சொன்னவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

மெஷின் செய்ததா, கை செய்ததா?

இப்போது டெக்னிகல் விஷயத்துக்கு வருவோம். ரெக்கார்டு நோட்டு எழுதுகிற மாதிரி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பல ட்ராக் டேப்பில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்கில் பதியலாம். முதலில் டிரம்ஸ். அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த ட்ராக்கில் பேஸ். அப்புறம் கிட்டார். ஒரே ஆள் பல வாத்தியம் வாசிக்க முடிவது இப்படித்தான். இந்த ஆல்பத்தில் கேட்கும் கிட்டார், பேஸ், ஆர்கன் பெரும்பாலும் ஷோல்ஸின் கைவண்ணம்.

அந்தக் கிட்டார் சத்தம் சுவர் மாதிரி அகலமாக நிற்கிறதே, அது எப்படி? ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. இங்கேதான் சூட்சுமம். வாசித்ததை அப்படியே காப்பி எடுத்து அடுக்கினால் சத்தம் கூடுமே தவிர அகலம் கூடாது. மறுபடியும் கையால் வாசிக்க வேண்டும். இரண்டாவது தடவை வாசிக்கும்போது மயிரிழை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் சத்தத்துக்கு உடம்பு கொடுக்கிறது. வித்தியாசம் அதிகமானால் குளறுபடி. சுத்தமாக இல்லாவிட்டால் தட்டை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் அத்தனை உழைப்பு.

டாலரன்ஸ் என்ற வார்த்தை நமக்குப் புதிதா என்ன? ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' கட் பண்ணி இரண்டு துண்டையும் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவு! ரொம்ப ராவினால் துண்டு லொடலொட. உள்ளங்கை கொப்புளம் போட்டவனுக்குத்தான் அந்த அரை மில்லிமீட்டரின் அருமை தெரியும். ஷோல்ஸ் செய்தது அந்த வேலையைத்தான். இன்று செல்போனில்கூட ஒரு பட்டனைத் தட்டினால் தாளம் நேராகிவிடும், சுருதி சரியாகிவிடும். அந்த நிலவறையில் அதற்கெல்லாம் கம்ப்யூட்டர் இல்லை. பிடிக்கவில்லையா? டேப்பை ஓட்டிப் பின்னால் கொண்டுவந்து மறுபடி வாசி. அவ்வளவுதான் வழி.

இன்னொரு சின்ன விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். 'ஹிட்ச் எ ரைடு' பாட்டில் ஆர்கன் சுரம் ஒன்று வளைந்து கீழே இறங்கும். ஆர்கன் கட்டையில் அப்படி வளைக்க முடியாது. ஷோல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீலை விரலால் லேசாக அழுத்தி வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். முதல் வருஷ பிசிக்ஸ்! அவ்வளவு பெரிய மெஷினில் கடைசியில் பாட்டைப் பாட வைத்தது ஒரு விரல். இதைப் போய் 'மனசில்லாத இயந்திர இசை' என்றால் எனக்குக் கோபம் வராதா?

கேட்டுப் பார்த்தால்...

சரி, செய்த விதம் பெரிதென்றால் கேட்கச் சுகமாக இருக்க வேண்டும் என்று சட்டமா? இல்லை. கஷ்டப்பட்டுச் சமைத்தார்கள் என்பதற்காக உப்பில்லாத சாம்பாரைப் பாராட்ட முடியாது. ஆகவே பாட்டுக்கே வருகிறேன்.

முதல் பாட்டு 'மோர் தேன் எ ஃபீலிங்'. சட்டென்று ஆரம்பிக்காது. தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவது போல அக்கூஸ்டிக் கிட்டார் மெல்ல மெல்லச் சத்தம் கூடி வரும். பழைய பாட்டொன்றைக் கேட்டதும், எப்போதோ போய்விட்ட ஒரு பெண்ணின் நினைவு வருகிற ஒருவனுடைய கதை. நமக்கும் தெரிந்த சங்கதிதான். டெல்ப் அடக்கமாக ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, ஒரு இடத்தில் குரலை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தக் குரல் எங்கே முடிந்தது, கிட்டார் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. குரலின் கையைப் பிடித்துக் கிட்டார் மேலே ஏறுகிற மாதிரி இருக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வார்த்தை பாதி புரியாமலே சிலிர்க்கும். இந்தப் பாட்டு பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது.

இந்தச் சிலிர்ப்புக்கும் காரணம் உண்டு. முன்னால் அவ்வளவு அடக்கம் இருந்ததால்தான் பின்னால் அந்த ஏற்றம் ஏற்றமாகத் தெரிகிறது. எந்த இடத்தில் எவ்வளவு, எதற்குப் பிறகு எது என்று அளந்து வைத்த ஏக்கம் அது. அளந்ததால் ஏக்கம் குறையவில்லை. நேராக நெஞ்சில் வந்து இறங்குகிறது.

இரண்டாவது, 'பீஸ் ஆஃப் மைண்ட்'. ஆபீஸில் மேலே மேலே ஏறத் துடிக்கிறவர்களைப் பார்த்து, எனக்கு மன நிம்மதி போதும் என்கிற பாட்டு. எழுதியவர் அப்போது ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவர் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். இதில் இரண்டு கிட்டார் கைகோர்த்து ஓடும். ஒன்று ச பிடித்தால் மற்றது க பிடிக்கிற மாதிரி, ஒரே மெட்டை இரண்டு உயரத்தில் பாடிக்கொண்டு போகும். இந்த ஜோடிக் கிட்டார்தான் பாஸ்டனின் கையெழுத்து. அடுத்தது 'லாங் டைம்'. முதலில் வெறும் வாத்தியம் மட்டும். ஆர்கன் சுரங்கள் நிற்காமல் உருண்டோடும். அப்புறம்தான் பாட்டு. முன்னும் பின்னும் சேர்த்து ஏழே முக்கால் நிமிஷம். 'ஸ்மோக்கின்' போட்டால் கால் தானாகத் தாளம் போடும்.

அட்டைப் படத்தையும் சொல்ல வேண்டும். வெடிக்கிற பூமியிலிருந்து கிட்டார் வடிவ விண்கலங்கள் தப்பித்துப் பறக்கின்றன. பாஸ்டன் நகரமே ஒரு விண்கலத்தின் மேல் ஏறிப் போகிறது. உள்ளே இருக்கும் இசைக்கு அந்தப் படம் பொருத்தம். கனம் கனமான இரும்பு, ஆனால் பறக்கிறது!

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை

நான் ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மறுபக்கமும் இருக்கிறது.

ஒன்று. 'தனி ஒருவன் நிலவறையில் உட்கார்ந்து உலகத்தை ஜெயித்தான்' என்று கதை கட்டுவது நியாயமில்லை. டெல்ப் குரல் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. அந்தக் கூட்டுக்குரல்களில் பல அவர் ஒருவரே பாடி அடுக்கியது. கடைசிப் பாட்டு அவர் எழுதியது. ஆரம்பத்தில் டெமோவுக்கெல்லாம் டிரம்ஸ் வாசித்த ஜிம் மஸ்டியா ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறார். மற்ற டிரம்ஸ் சிப் ஹாஷியன், பேஸ் கிட்டார் ஃப்ரான் ஷீஹன், இன்னொரு கிட்டார் பேரி குட்ரோ. 'லாங் டைம்' பாட்டில் அழுது பேசுகிற கிட்டார் குட்ரோ வாசித்தது. டெல்ப் 2007-இல் மறைந்தார், ஹாஷியன் 2017-இல் மறைந்தார். அசெம்பிளியில் ஒரு போல்ட் இல்லாவிட்டாலும் வண்டி ஓடாது என்பது நமக்குத் தெரியாததா?

இரண்டு. இந்தப் பிடிவாதத்துக்கு விலையும் உண்டு. இரண்டாவது ஆல்பம் 1978-இல் வந்தது. மூன்றாவது வர 1986 ஆயிற்று. நடுவில் இசைக் கம்பெனியோடு கோர்ட்டு, கேஸ். 'இன்னும் கொஞ்சம் ராவுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வேலை எப்போது முடியும்? ஷோல்ஸ் அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை என்பது வேறு விஷயம். 1980-இல் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1982-இல் ராக்மேன் என்ற கைக்கடக்கமான ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். பாஸ்டன் கிட்டார் சத்தத்தை யார் வேண்டுமானாலும் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம் என்று ஆயிற்று.

மூன்று. எம்.ஐ.டி. பட்டமும் போலராய்டு சம்பளமும் உள்ளவர் நிலவறையில் ஸ்டூடியோ கட்டினார். ட்ரெயினி ஸ்டைபண்டில் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கு விரலை மடக்கி எண்ணுகிறவன் என்ன கட்டுவான்? நியாயமான கேள்வி. 'அவர் முடித்தார், நீயும் முடிப்பாய்' என்று மேடைப் பேச்சாளர் மாதிரி வசனம் பேச எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் எதற்கு எழுதினேன்?

நம்மைச் சுற்றி ஒரு பேச்சு இருக்கிறது. "டிப்ளமோ பசங்களா? ஸ்பேனர் பிடிக்கிற கை. கலை, இசை, இலக்கியம் எல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் சமாச்சாரம்." வெளியாள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். வருத்தம் என்னவென்றால், நாமே இதை நம்புகிறோம். என் சீனியர் ஒருவர் கீபோர்டு அருமையாக வாசிப்பார். விடுதி நாள் விழாவில் அவர் வாசித்தால் சாப்பாட்டு வரிசையே நின்று கேட்கும். வேலை கிடைத்து, ஷிப்ட் ஆரம்பித்த மூன்றாவது மாசம் கீபோர்டை விற்றுவிட்டார். பணத்துக்காக விற்றிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. போனில் கேட்டேன். "இனிமே நமக்கு எதுக்குடா அதெல்லாம்? மெஷினோட மல்லுக்கட்டுற ஆளு" என்றார்.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களோ இல்லையோ, உங்களுக்காகத்தான் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினேன். மெஷினோடு மல்லுக்கட்டுகிற அதே பொறுமைதான் கீபோர்டுக்கும் வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரம் மைக்ரோமீட்டர் பிடித்த கை, கட்டையில் வைத்தால் மரத்தா போய்விடும்? நூல் பிசகாமல் செய்யப் பழகியவனுக்கு, ஒரு சுரம் பிசகினால் அடுத்தவனுக்கு முன்னால் தெரியும். அது பலமா, பலவீனமா? பதினேழு மில்லியன் விற்க வேண்டாம். ஒருவருக்கும் விற்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் வாசித்தால் அந்த அரை மணி நேரம் நமக்குச் சொந்தம். அதை சூப்பர்வைசரும் கேட்க முடியாது, கம்பெனியும் பிடித்துக்கொள்ள முடியாது.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இந்த ஆல்பத்தை ஒரே ஒரு தடவை ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் அந்த அகலம் கிடைக்காது. இரவு ஷீட் வரைகிற நேரத்தில் போடலாம், டிராஃப்டர் பாட்டுக்கு ஓடும். பிடிக்காவிட்டால் என்னை கேன்டீனில் வந்து திட்டுங்கள், டீ என் செலவு. பிடித்துவிட்டால், டீ உங்கள் செலவு. கூடவே, உங்கள் பெட்டிக்கடியில் தூங்குகிற புல்லாங்குழலோ, தபலாவோ, பாதியில் விட்ட ஓவிய நோட்டோ, எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த விடுதி நாள் விழாவுக்கு நமக்கு ஆள் வேண்டும்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை